எழிலு வந்திருந்தா

சலமான்கா, ஸ்பெயின்
12.1.1998

அன்புள்ள அக்காவுக்கு,

எழில் எழுதுவது. நான் சௌக்கியம். குளிர்தான் எலும்பைத் தின்கிறது. நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் வயிற்று வலி நின்றதா? நீங்கள் பொங்கல் வைக்கும்போது இந்தக் கடிதம் பாதி வழியில் இருக்கும். எனக்கும் சேர்த்து ஒரு கரண்டி சாப்பிட்டுவிடுங்கள்.

ஒரு சங்கதி. அம்மாவிடம் பக்குவமாகச் சொல். டிசம்பர் பரீட்சையில் ஒரு பகுதி போய்விட்டது. எல்லாம் ஒரே ஒரு வினையால் வந்த வினை. முன்பு நடந்திருக்க வேண்டியது, ஆனால் நடக்காமலே போனது, அதைச் சொல்லும் வினை. 'வந்திருந்தால்' என்பதற்கு 'ஸி உபியேரா வெனிதோ' என்று சொல்ல வேண்டும். நிஜமாகவே வந்திருந்தாள் என்றால் 'அபியா வெனிதோ'. உபியேரா, அபியா. நான் வாயைத் திறந்தால் அபியாதான் வருகிறது. பிலார் டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு, "பெண்ணே, நடக்காததையெல்லாம் நடந்ததாகவே சொல்லிக்கொண்டிருக்கிறாயே" என்கிறார்.

எனக்கு ஏன் இந்தக் குழப்பம் என்று யோசித்தேன். நம் பேச்சில் இரண்டும் ஒன்றுதானே அக்கா? "நேத்து ஆர்த்தி வந்திருந்தா" என்றால் வந்தாள். "ஆர்த்தி வந்திருந்தா தோசை சுட்டிருப்பேன்" என்றால் வரவில்லை. வாயில் ஒரே சத்தம். எழுதும்போதுதான் ள் என்றும் ல் என்றும் பிரிகிறது.

ஜூனில் வாய்மொழிப் பரீட்சை. அதில் தேறினால்தான் சான்றிதழ். அது இருந்தால்தான் டெல்லியில் ஸ்பானிஷ் வாத்தியார் வேலை. இல்லாவிட்டால் அம்மா செங்கம் ரோட்டு இட்லிக் கடையில் புகையில் நின்று என்னைப் படிக்க வைத்தது அத்தனையும் வீண். பிலார் டீச்சர் ஒரு வழி சொன்னார். புத்தக வாக்கியம் வேண்டாமாம். வீட்டில் பேசுகிற வாக்கியங்களை வரவழைத்து மாற்றிப் பழக வேண்டுமாம். அதனால் உன் காதில் விழுகிற 'இருந்தா' வாக்கியங்களை எழுதி அனுப்பு. கலெக்டர் ஆபீஸ் டைப்பிஸ்டுக்கு இது ஒரு பெரிய வேலையா?

அம்மாவுக்கு என் முத்தங்கள். இங்கே கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு கொடுக்கிறார்கள். நீயே கொடுத்துவிடு.

உன் தங்கை
எழிலரசி

*

வேங்கிக்கால்
1.2.1998

என் அருமை எழிலுக்கு,

ஆதிலட்சுமி எழுதிக்கொள்வது. உன் கடிதம் வந்தது. இங்கு எல்லோரும் இருக்கிறோம். நீ ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே. உடம்புக்கு வந்தால் அங்கே கஷாயம் வைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

நீ தோற்றதை அம்மாவிடம் சொன்னேன். "நடக்காத காரியத்துக்கு எதுக்குடி ஒரு தனி வார்த்த? வேலையத்தவங்களா அவங்க?" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "நாமகூட அதத்தான் நாள் பூரா பேசறோம்" என்றாள். முத்தம் கொடுக்கப் போனேன். "தூரப் போடி, வேர்த்து வழியுது" என்று தள்ளிவிட்டாள். ஆகவே உன் இரண்டு முத்தமும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

நீ கேட்டவை:

"பஸ்ஸு ஒரு நிமிஷம் நின்னிருந்தா ஏறியிருப்பேன்." இது நான், ஆபீசுக்குத் தாமதமாய்ப் போன அன்று.

"உங்கப்பன் குடிக்காம இருந்திருந்தா இந்நேரம் மாடி வூடு கட்டியிருப்போம்." யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"பௌர்ணமிக்கு மழ வராம இருந்திருந்தா மாவு மீந்திருக்காது." இதுவும் அவளே, கிரிவலக் கூட்டம் குறைந்த அன்று.

கதவைச் சாத்தியிருந்தாள் பூனை பாலைக் குடித்திருக்காது. இது நானே கட்டியது.

"வலிக்குதுனு அப்பவே சொல்லியிருந்தா கையோட காட்டியிருக்கலாம்."

இப்போதைக்கு இவ்வளவுதான். இட்லிக் கடையைக் கொஞ்ச நாள் மூடி வைத்திருக்கிறோம். அடுப்பை மாற்றிக் கட்ட வேண்டும்.

அன்புடன்
அக்கா

*

சலமான்கா
19.2.1998

அன்பு அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடினேன். மாடி வீட்டு வாக்கியத்தைக் கேட்டு மெக்ஸிகோக்காரப் பெண் ஒருத்தி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அம்மாவும் இதையேதான் சொல்வாளாம், இதே சுதியில். பஸ் வாக்கியத்தை நான் தப்பில்லாமல் மாற்றினேன். பிலார் டீச்சர் என் காதைப் பிடித்துத் திருகிப் பாராட்டினார்.

அப்புறம், டைப்பிஸ்ட் அம்மா! "சாத்தியிருந்தாள்" என்று ள் போட்டிருக்கிறாயே. சாத்தியிருந்தாள் என்றால் சாத்திவிட்டாள் என்று ஆகிவிடும், சாத்திய கதவில் பூனை எப்படி நுழையும்? ல் போடு. பள்ளிக்கூடத்தில் இதற்காகவே நீ பிரம்படி வாங்கினாய், இன்னும் புத்தி வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை கேள். உபியேரா என்றால் நான், அவன், அவள் மூன்றும் ஒன்றுதான். வராமல் போனது நானா அவளா என்று அந்த வார்த்தையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

வலி வாக்கியம் யார் சொன்னது? அம்மாவுக்கா? கடையை ஏன் மூடினீர்கள்? அந்த அடுப்பை நான் கிளம்புவதற்கு முன்னால்தானே கட்டினோம்?

பதிலோடு இன்னும் வாக்கியங்களும் வேண்டும்.

எழில்

*

வேங்கிக்கால்
15.3.1998

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ பாலும் முட்டையும் தவறாமல் சாப்பிடு. அங்கே முட்டை சாப்பிட்டால் தெய்வக் குற்றம் ஒன்றும் இல்லை என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

வலி வாக்கியம் அடுத்த வீட்டு வெள்ளையம்மாள் பெரியம்மா சொன்னது. அவருக்குப் பல்வலி. நான் ஆபீஸ் போகும் நேரத்தில் அம்மாவுக்குப் பேச்சுத் துணைக்கு அவர்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார். அடுப்பு பிளந்துவிட்டது, அதனால் கடை இல்லை.

ஆபீஸ் வேலையாக அடிக்கடி வேலூர் போய் வருகிறேன். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் காதில் விழுந்ததை எழுதுகிறேன். யார் சொன்னது என்றெல்லாம் கேட்காதே.

"போன வருசமே இட்டுகினு வந்திருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது."

"சின்னதா இருக்கும்போதே பார்த்திருந்தா எடுத்திருக்கலாம்."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா அவள அனுப்பியிருக்க மாட்டேன்."

"எங்கிட்ட மட்டும் சொல்லாம இருந்திருந்தா நானும் நிம்மதியா இருந்திருப்பேன்."

இவை போதுமா? எல்லாவற்றிலும் ல் வர வேண்டிய இடம்தான். பேச்சாகவே எழுதிவிட்டேன், உன் பிரம்படிக்குப் பயந்து.

ஆதிலட்சுமி

*

சலமான்கா
2.4.1998

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதக் கூட நேரமில்லாமல் படிக்கிறேன். ஆனாலும் நலமறிய ஆவல்தான்.

எங்கேயடி பிடிக்கிறாய் இந்த வாக்கியங்களை! வகுப்பில் என் வாக்கியங்களுக்குத்தான் இப்போது கிராக்கி ஜாஸ்தி. முதல் வாக்கியம் இப்படி வந்தது: "ஸி லா உபியேரான் த்ராய்தோ எல் அன்யோ பஸாதோ, நோ அப்ரியா யெகாதோ அ எஸ்தோ." ஒரு தப்பும் இல்லை. பிலார் டீச்சர் பலகையில் எழுதி எல்லோரையும் சொல்லச் சொன்னார். பத்து நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து சத்தமாகச் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அவள அனுப்பியிருக்க மாட்டேன்" என்பதற்குக் கொஞ்சம் திணறினேன். யாரை எங்கே அனுப்பினார்களோ பாவம். பெண்ணைக் கட்டிக் கொடுத்த இடம் சரியில்லை போலிருக்கிறது என்று டீச்சரிடம் விளக்கினேன். அதற்கும் முழு மார்க்.

அம்மா ஏன் கடிதத்தில் ஒரு வரி கூடச் சொல்வதில்லை? முன்பெல்லாம் நீ எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இதை எழுது அதை எழுது என்று உயிரை வாங்குவாளே. கோபமா? தோற்றதற்கா? இந்த முறை ஜெயித்துவிடுவேன் என்று சொல். ஜூன் பன்னிரண்டாம் தேதி பரீட்சை.

பதில் உடனே போடு.

உன் எழில்

*

வேங்கிக்கால்
3.6.1998

எழிலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். நான் நன்றாக இருக்கிறேன். பரீட்சையில் தைரியமாகப் பேசு. நடுவில் எதையும் நினைக்காதே. பயந்துகொண்டு போகாதே, சாப்பிட்டுவிட்டுப் போ. இதை உனக்குச் சொல்லச் சொன்னாள் அம்மா.

வாக்கியம் ஒன்றும் கிடைக்கவில்லை.

அக்கா

*

சலமான்கா
20.6.1998

அக்கா,

தேறிவிட்டேன். முதல் செய்தியாக இதை எழுதிவிட்டேன். ஆனால் இதை எழுத எனக்குச் சந்தோஷமாக இல்லை.

உன் கடிதம் பரீட்சைக்கு மறுநாள் வந்தது. இரண்டு மாதம் கழித்து நாலு வரி. "நான் நன்றாக இருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். இதுவரை ஒரு கடிதத்தில் கூட நலம் சொல்லும் இடத்தில் நீ 'நான்' என்று எழுதியதில்லை, 'இருக்கிறோம்' என்றுதான் எழுதுவாய். அன்றே நம் தெரு டெலிபோன் பூத்துக்கு போன் போட்டேன். பூத் வைத்திருக்கும் கோபி அண்ணன், "அக்கா ஆபீஸ் போயிருக்காங்க" என்றார். அம்மாவைக் கூப்பிடுங்கள் என்றேன். "லைன் சரியில்ல தங்கச்சி" என்று வைத்துவிட்டார். அவர் குரல் எனக்குத் தெளிவாகவே கேட்டது.

பிறகு உன் பழைய கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். பஸ்ஸில் காதில் விழுந்த வாக்கியங்கள். போன வருடமே கூட்டி வந்திருந்தால். சின்னதாக இருக்கும்போதே பார்த்திருந்தால். அவளை அனுப்பியிருக்க மாட்டேன். அனுப்பப்பட்ட அவள் நான்தானே அக்கா? பத்து நாட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து நான் அதைப் பாட்டு மாதிரி சொன்னேன்.

நேராகச் சொல். வாக்கியம் வேண்டாம். அம்மா எங்கே?

எழில்

*

வேங்கிக்கால்
3.7.1998

எழில் கண்ணு,

உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள்.

அம்மா போய்விட்டாள். மே பதின்மூன்று, புதன்கிழமை மதியம். வயிற்றில் கட்டி. உன் முதல் கடிதம் வந்த வாரத்தில்தான் வேலூரில் சொன்னார்கள், முற்றிவிட்டது என்று. அன்றே உனக்கு எழுத உட்கார்ந்தேன். அம்மா என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "அவ பரீட்ச முடியறவரைக்கும் மூச்சு வுடக் கூடாது. எந்தலமேல சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன். ஆள் போன பிறகும் சத்தியம் செல்லுமா என்று எனக்குத் தெரியவில்லை. செல்லும் என்று வைத்துக்கொண்டேன். கோபியை அப்படிச் சொல்லச் சொன்னதும் நான்தான்.

பல்வலி என்று பொய் சொன்னேன். அதற்கு மேல் பொய் வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வழியில்லை. அதனால்தான் வாக்கியமாக அனுப்பினேன். இந்த முறை கண்டுபிடித்துவிடுவாள், இந்த முறை கண்டுபிடித்துவிடுவாள் என்று ஒவ்வொரு முறையும் காத்திருந்தேன். நீ மார்க் வாங்கி அனுப்பினாய்.

கடைசி வாரங்களில் அம்மாவுக்குத் தூக்கம் இல்லை, எனக்கும் இல்லை. அன்றைக்கு நான் அடுப்பாண்டை கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளையம்மாள் பெரியம்மா அம்மாவின் தலைமாட்டில் இருந்தார். எழில் வந்திருந்தாள் என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அதற்குள் கஞ்சி பொங்கி வழிந்து அடுப்பு சீறியது, இறக்கி வைத்தேன். கஞ்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன், முடிந்துவிட்டிருந்தது.

சித்தப்பா கொள்ளி வைத்தார். காரியமெல்லாம் குறையில்லாமல் நடந்தது. நீ தேறிய சேதியை அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகப் படித்தேன்.

உன்
அக்கா

*

சலமான்கா
16.7.1998

அக்கா,

உன்மேல் எனக்குக் கோபம். எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அம்மா ஆயிரம் சத்தியம் கேட்பாள். நீ ஏன் செய்தாய்? ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் நான் பரீட்சையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்திருப்பேன். பார், இப்போது எனக்கு உபியேரா எவ்வளவு சரளமாக வருகிறது.

இந்த ஊர்த் தெருக்களில் வெயில் கொளுத்துகிறது. எதையும் சமைக்கவில்லை. மெக்ஸிகோக்காரப் பெண்தான் ரொட்டி கொண்டுவந்து வாயில் திணிக்கிறாள்.

என்னை உயிரோடு வைத்திருப்பது உன் கடிதத்தின் ஒரே ஒரு எழுத்து. எழில் வந்திருந்தாள். அம்மாவின் கண்ணுக்கு நான் வந்திருக்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். நீ ல, ள மாற்றிப் போடுகிறவள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் சாவுச் சேதியில் கூடவா மாற்றிப் போடுவாய்? அது ள்தான் என்று நம்பிக்கொண்டு படுக்கிறேன்.

எனக்குத் திரும்பும் டிக்கெட் செப்டம்பர் ஒன்பதாம் தேதிக்கு. அதை மாற்ற விடமாட்டேன் என்கிறார்கள்.

எழில்

*

வேங்கிக்கால்
1.8.1998

எழிலுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எப்போதும் போல் எழுதிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அது ள் இல்லை. ல். என் வழக்கமான தப்பு. அம்மா சொன்னது "எழிலு வந்திருந்தா". அதை எழுத்துத் தமிழாக்கிப் போடும்போது கை ள் போட்டுவிட்டது. அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் நினைவு தெளிவாக இருந்தது, எழில். காலையில் கூட மோர் புளிக்கிறது என்று என்னைத் திட்டினாள். இல்லாத ஆளை இருப்பதாகப் பார்க்கிற நிலைமையில் அவள் இல்லை. அவள் குரல் எனக்குத் தெரியும். அது ஏக்கம். எழில் வந்திருந்தால்.

உன்னை அப்படியே விட்டிருக்கலாம். ஒரு எழுத்துதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று இரண்டு நாள் இருந்தேன். முடியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தது நான். மலத்தை அள்ளியது நான். வேலூருக்கும் இங்குமாக பஸ்ஸில் மடியில் சாய்த்துக் கூட்டிக்கொண்டு போனது நான். கடைசியாக வாயைத் திறந்து அவள் கேட்டது உன்னை. ஆதி என்று ஒரு வார்த்தை வரவில்லை. வெள்ளையம்மாள் பெரியம்மா என்னிடம் என்னவோ சொல்ல வந்தார். போதும், நானும் கேட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டு அவர் வாயை அடைத்தேன். அதற்கு மேல் அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. காரியம் முடிந்து பெரியம்மா கீழ்பென்னாத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தூக்கம் கிடையாது. கண்ணை மூடினால் அந்தக் குரல்தான். நீ ள்ளைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாய், நான் ல்லைக் கட்டிக்கொண்டு விழித்திருக்கிறேன். இது நியாயமாக எனக்குப் படவில்லை. என்மேல் நீ இன்னும் கோபப்பட்டாலும் சரி.

ஆதிலட்சுமி

*

சலமான்கா
14.8.1998

அக்கா,

உன் கடிதம் வந்தது. இப்போது நானும் தூங்குவதில்லை, உனக்குத் திருப்திதானே என்று எழுதி, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நீ இப்படி விழித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாது. கேட்காதது என் தப்பு. கடிதம் எழுதும்போதெல்லாம் என் வினைச்சொல்லைத்தான் கேட்டேன்.

ல் என்றே வைத்துக்கொள்கிறேன். எழில் வந்திருந்தால். சரி. அப்புறம்?

நான் படித்ததை வைத்துக் கேட்கிறேன். சிரிக்காதே. வந்திருந்தால் என்று யாரும் நிறுத்துவதில்லை அக்கா. 'ஸி' என்று ஆரம்பித்தால் இங்கே ஒரு கமா போட்டுவிட்டு மறுபாதியைச் சொல்லியே ஆக வேண்டும். நீ அனுப்பிய அத்தனை வாக்கியத்திலும் மறுபாதி இருந்தது. பஸ் நின்றிருந்தால் ஏறியிருப்பேன். மழை வராமல் இருந்திருந்தால் மாவு மீந்திருக்காது. அம்மா ஒருநாளும் எதையும் பாதியில் விட்டுப் பேசியதே இல்லை. நினைவு தெளிவாக இருந்தது என்று நீயே சொல்கிறாய். அப்படியானால் மறுபாதி எங்கே?

நானே போட்டுப் போட்டுப் பார்க்கிறேன். எழில் வந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். எழில் வந்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன். எழில் வந்திருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன். ஒவ்வொன்றையும் ஸ்பானிஷில் மாற்றுகிறேன், எல்லாம் இலக்கணப்படி சரியாக வருகிறது, ஒன்றையும் தாங்க முடியவில்லை.

நீ கஞ்சியை இறக்கிக்கொண்டிருந்தாய். தலைமாட்டில் பெரியம்மா இருந்தார். என்னவோ சொல்ல வந்தார் என்கிறாயே. போய்க் கேள். எவ்வளவு கெட்டதாக இருந்தாலும் எழுது. அது தெரியாமல் அந்த வீட்டு வாசற்படி ஏற என்னால் ஆகாது.

எழில்

*

வேங்கிக்கால்
30.8.1998

என் தங்கம் எழிலுக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். இதை ஒப்புக்கு எழுதவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அம்மாவின் கடைசிப் பேச்சுக்குக் கமா போட வந்துவிட்டாள் பெரிய வாத்தியாரம்மா என்று தாளை மடித்து வைத்துவிட்டேன். ஆனால் ஆபீசில் டைப் அடிக்கும்போதெல்லாம், அப்புறம், அப்புறம் என்றே ஓடிக்கொண்டிருந்தது. நேற்று லீவு போட்டுவிட்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். வழி நெடுக, ஏதாவது ஏடாகூடமாக இருந்தால் உனக்கு எழுதவே கூடாது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

பெரியம்மா மகள் வீட்டு வாசலில் சாக்கை விரித்து மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா ஆதி, இந்த வெயில்ல? மூஞ்செல்லாம் கறுத்துப் போச்சே."

நான் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டேன். "பெரிம்மா, அன்னிக்கு அம்மா கடைசியா சொன்னது உங்க காதுல முழுசா வுழுந்துச்சா?"

"வுழாம? நான் தலமாட்டுலதான குந்திகினு இருந்தேன். நீகூட கேட்டேன்னு சொன்னியே."

"எழிலு வந்திருந்தானு கேட்டேன். அப்புறம் அடுப்பு பொங்கிடுச்சி."

அவர் கையில் இருந்த மல்லாட்டையைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அடிப் பாவி. அவ்ளோதான் கேட்டியா? நான் சொல்ல வந்தப்ப போதும்னு கும்புட்டுட்ட. பொண்ணு தாங்க முடியாமத்தான் சொல்லுதுனு நானும் வாய மூடிகினேன்."

"என்னா சொல்லிச்சு பெரிம்மா?"

"'எழிலு வந்திருந்தா ஆதி செத்த நேரம் கண்ணசந்திருப்பா. எம்பொண்ணு தூங்கி எத்தினி நாளாச்சு, வெள்ளையம்மா.' இதான்டி சொன்னா. அடுப்பாண்ட நீ நிக்கறதத்தான் பாத்துகினே இருந்தா. அப்டியே போய்ட்டா."

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. அந்தச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா செத்த அன்று கூட நான் அப்படி அழவில்லை, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கவும் சாமான் வாங்கிவரச் சொல்லவும் சரியாக இருந்தது. நேற்று ஊரே பார்க்க வாய்விட்டு அழுதேன். மல்லாட்டைத் தோலெல்லாம் புடவையில் ஒட்டிக்கொண்டது. பெரியம்மா முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். இவ்வளவு நாளும் அவள் உன்னைக் கேட்டாள் என்று நினைத்தேன், எழில். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இதைக் கேட்கச் சொன்ன உன் கமாவுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

அப்புறம் பெரியம்மா உள்ளே பாயை விரித்து, "வந்தது வந்துட்ட, செத்த படு" என்றார். படுத்ததுதான் தெரியும். கடைசி பஸ் போய்விட்டது. எழுப்ப அவருக்கு மனசு வரவில்லையாம். இன்று காலையில்தான் வீடு வந்தேன்.

நீ வந்திருந்தால் நான் தூங்கியிருப்பேன். அவ்வளவுதான் அம்மா சொன்னது. வேறு குற்றம் ஒன்றையும் அவள் உன்மேல் வைக்கவில்லை. இதை உன் ஸ்பானிஷில் நீயே மாற்றிக்கொள், பிலார் டீச்சரிடம் காட்டாதே, மார்க்கும் வேண்டாம்.

சாப்பாட்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன், எழுந்த பிறகுதான் சாப்பிடப் போகிறேன். மறுபடியும் கண்ணைச் சொக்கிக்கொண்டு வருகிறது. இத்தனை மாதத்துத் தூக்கம், ஒரே நாளில் தீராது போலிருக்கிறது. ஊருக்கு வந்து கதவைத் தட்டும்போது நான் திறக்காவிட்டால் பயந்துவிடாதே. தூங்கிக்கொண்டிருப்பேன். கொஞ்சம் வெளியில் இரு.

உன் வருகைக்காக
ஆதி